ரிட்டயர் ஆனப்புறம் மெடிக்கல் இன்சூரன்ஸ்: எங்களுக்கு 1,39,500 ரூபா கைய விட்டுப் போனது எப்படி

வேலைல இருக்கற வரைக்கும் கம்பெனி குடுக்கற மெடிக்கல் இன்சூரன்ஸ் என்னிக்கு முடியும், முடிஞ்சா அடுத்து என்ன பண்ணனும்னு யாருமே வாயத் தொறந்து சொல்றதில்லைங்க. ஃபேர்வெல் பார்ட்டி வைக்கறாங்க, சால்வை போடறாங்க, பிஎஃப் ஃபார்ம் எப்படி ஃபில் பண்றதுன்னு கூட சொல்லித் தர்றாங்க, இத மட்டும் சொல்ல ஆளில்ல. எங்க வீட்டுக்காரர் கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்து 2024 ஜூன்ல 60 வயசுல ரிட்டயர் ஆனாரு. அவருக்கு பத்து வருஷத்துக்கு மேல சுகர், பிபியும் இருக்கு. நான் அவரோட குரூப் பாலிசிலதான் இருந்தேன், எனக்குன்னு தனியா எதுவும் கிடையாது. பையன் வெளிநாட்டுல. அவருக்கு பிஎஃப், கிராஜுவிட்டி, பென்ஷன் பேப்பர்னு அலையவே நேரம் சரியா இருந்துச்சு, அதனால இன்சூரன்ஸ் வேலை மொத்தமும் நான் ஒருத்தியாதான் பாத்தேன். அப்ப யாராவது ஒருத்தர் உக்கார வச்சு சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு இன்னிக்கும் நினைக்கறேன், அதான் இத எழுதறேன்.

கடைசி வாரத்துலதான் ஹெச்ஆர்ல இருந்து மெயில் வந்துச்சு, ஜூன் 30 ராத்திரியோட கவர் முடியுதுன்னு. அவ்வளவுதான், ரெண்டு வரி. அப்புறமா நானே தேடிப் படிச்சதுல தெரிஞ்சது என்னன்னா, குரூப் பாலிசில இருக்கறவங்க அத விட்டு வெளிய வரும்போது அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனி பாலிசிக்கு மாற வழி இருக்கு, மைக்ரேஷன்னு சொல்றாங்க. ஏற்கனவே இருக்கற நோய்க்கு மொத சில வருஷம் க்ளெய்ம் தரமாட்டாங்க, அதுக்குப் பேரு வெயிட்டிங் பீரியட். அப்படி மாறினா குரூப்ல இருந்த வருஷமெல்லாம் அதுல கழிஞ்சிடும், புதுசா ஆரம்பிக்க வேண்டியதில்ல. கம்பெனி ஏத்துக்கறது அவங்க அண்டர்ரைட்டிங்க, அதாவது நம்ம வயசு, நோயெல்லாம் பாத்து அவங்க எடுக்கற முடிவ பொறுத்ததுதான், ஆனா கேக்கற உரிமை நமக்கு இருக்கு. நான் உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினேன், அவங்க மெம்பர் எந்த வருஷத்துல இருந்து தொடர்ச்சியா கவர்ல இருக்காருன்னு சர்டிஃபிகேட் கேட்டாங்க. அத ஹெச்ஆர்தான் தரணும். இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்து, அந்த லெட்டர் கைக்கு வர்றப்ப பாலிசி முடிஞ்சு ரொம்ப நாளாகிடுச்சு, இனிமே மைக்ரேஷன் கிடையாது, புது ப்ரொபோசல்தான்னு சொல்லிட்டாங்க. இத்தனை வருஷ கண்டினியூட்டியும் ஒரு லெட்டருக்காகப் போச்சு. எனக்கு அப்ப வந்த கோவம் இன்னும் போகல.

புது ப்ரொபோசல்னா மெடிக்கல் டெஸ்ட். மூணு மாச சராசரி சுகரக் காட்டற ஹெச்பிஏ1சி 8.1 வந்துச்சு. மொத ரெண்டு கம்பெனியும் முடியாதுன்னுட்டாங்க. 2024 ஏப்ரல்ல இருந்து 65 வயசுக்கு மேல பாலிசி தரமாட்டோம்னு கம்பெனிங்க சொல்ல முடியாதுன்னு ரூல் மாத்திட்டாங்கன்னு பேப்பர்ல போட்டாங்கல்ல, அத வச்சு எல்லாரும் ஈசியா கிடைக்கும்னு நினைக்கறாங்க. வயசுக்காக கதவ மூட முடியாது, ஆனா உங்க ரிப்போர்ட்டப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லலாம், இது ரெண்டும் வேற வேற விஷயம். நடுவுல ஒரு ஏஜென்ட் தம்பி வந்து, அக்கா சுகர எழுதாதீங்க, மூணு மாசம் மாத்திரைய ஒழுங்கா போட்டுட்டு டெஸ்ட் பண்ணா தெரியாது, அப்புறம் பாத்துக்கலாம்னாரு. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். அஞ்சு வருஷம் தொடர்ச்சியா பிரீமியம் கட்டினப்புறம் மோசடின்னு நிரூபிச்சாலே ஒழிய, நோய சொல்லலன்னு காரணம் காட்டி கம்பெனி க்ளெய்ம தட்டிக்கழிக்க முடியாதுன்னு ஒரு ரூல் இருக்கு, முன்னாடி எட்டு வருஷமா இருந்தது 2024ல அஞ்சாச்சு. அதத்தான் அந்தத் தம்பி நம்பச் சொன்னாரு. ஆனா அந்த அஞ்சு வருஷத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன பண்றது, 60 வயசுல அதுக்குள்ள போகமாட்டோம்னு யாரு சொல்ல முடியும், தெரிஞ்சே மறைச்சா அதுவே மோசடிதானே. ஆஸ்பத்திரில அட்மிட் பண்றப்ப நர்ஸ் கேப்பாங்க, சுகர் எத்தன வருஷமா இருக்குன்னு, நாம வாய்க்கு வந்தத சொல்லுவோம், அது கேஸ் ஷீட்ல ஏறிடும். ப்ரொபோசல் ஃபார்ம்ல எழுதின வருஷமும் கேஸ் ஷீட்ல இருக்கற வருஷமும் ஒத்துப்போகலைன்னாலே க்ளெய்ம நிறுத்தி வச்சு கேள்வி கேப்பாங்க. அதனால சுகர், பிபி எந்த வருஷம் ஆரம்பிச்சதுன்னு பழைய பிரிஸ்கிரிப்ஷன பாத்து ஒரே வருஷத்த எழுதி வச்சு, வீட்ல இருக்கற எல்லாரும் அதையே சொல்லுங்க.

கடைசில அவருக்குக் கிடைச்சது ஒரு சீனியர் சிட்டிசன் பாலிசி. 5 லட்சம் கவர், ஜிஎஸ்டி சேத்து கிட்டத்தட்ட 26,000 ரூபா. ஏற்கனவே இருக்கற நோய்க்கு வெயிட்டிங் ஒரு வருஷம்தான், அது நல்ல விஷயம், மத்த பாலிசிலெல்லாம் மூணு வருஷம் வரைக்கும் இருக்கு. ஆனா எந்த க்ளெய்மா இருந்தாலும் 30% நாம போடணும், கோ-பேமென்ட். ரூம் வாடகை நாளைக்கு 5,000 ரூபா வரைக்கும்தான். எனக்கு நோய் எதுவும் இல்லாததால கோ-பேமென்ட் இல்லாத சாதாரண பாலிசியே 5 லட்சத்துக்கு கிடைச்சது. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே கவர் தொகை இருக்கற ஃப்ளோட்டர் பாலிசில போடலாமேன்னு நிறைய பேர் கேட்டாங்க. ஃப்ளோட்டர்ல பெரியவர் வயச வச்சுதான் பிரீமியம் போடுவாங்க, ஒருத்தர் ஆஸ்பத்திரில படுத்து தொகையக் காலி பண்ணிட்டா அந்த வருஷம் இன்னொருத்தருக்கு மிச்சமிருக்கறதுதான். சின்ன வயசுக் குடும்பத்துக்கு அது சரி, 60 தாண்டின புருஷன் பொண்டாட்டிக்கு, அதுவும் ஒருத்தருக்கு சுகர் இருந்தா, தனித்தனி பாலிசிதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன்.

அந்த டிசம்பர் மழைல அவருக்கு காய்ச்சல் வந்து, இருமல் நிக்காம, மூச்சு வாங்க ஆரம்பிச்சு நிமோனியான்னு அட்மிட் பண்ணோம். ராத்திரி நேரம், 5,000 ரூபா ரூம் காலி இல்ல, 8,000 ரூபா ரூம்தான் இருக்குன்னாங்க. மூச்சுக்குத் திணர்ற மனுஷன வச்சுட்டு வேற ஆஸ்பத்திரி தேட முடியுமா. மிஞ்சினா நாளைக்கு 3,000 அதிகம், கட்டிக்கலாம்னுதான் யாரா இருந்தாலும் நினைப்பாங்க. விஷயம் அப்படி இல்லைங்க, இந்த ஒரு எடத்த எல்லாரும் நல்லா படிங்க.

மொத்த பில் 2,90,000. அதுல ரூம் 56,000. டாக்டர் ஃபீஸ், நர்சிங், புரொசீஜர் சார்ஜ் எல்லாம் 96,000. மருந்தும் டெஸ்ட்டும் 1,20,000. க்ளவுஸ், மாஸ்க், டயப்பர் மாதிரி சாதாரணமா பாலிசில தராத சாமான் 18,000. நமக்கு அனுமதிச்சது 5,000 ரூபா ரூம், எடுத்தது 8,000 ரூபா ரூம், அதனால எட்டுல அஞ்சு பங்குதான் தருவோம்னு ரூம் வாடகைய மட்டும் குறைக்கல, டாக்டர் ஃபீஸ், நர்சிங் எல்லாத்தையும் அதே கணக்குல குறைச்சாங்க. ப்ரொபோர்ஷனேட் டிடக்ஷன்னு பேரு. அதுல நின்னுருந்தா பரவால்ல, மருந்து, டெஸ்ட்டு பில்லையும் அதே மாதிரி குறைச்சு, மிச்சத்துல 30% கழிச்சு, 1,19,000 ரூபாதான் கேஷ்லெஸ்ல அப்ரூவ் ஆச்சு. டிஸ்சார்ஜ் கவுன்ட்டர்ல 1,71,000 கட்டுங்கன்னு சொன்னப்ப எனக்கு கை காலெல்லாம் சில்லுன்னு ஆகிடுச்சு. 5 லட்சத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு, பில் 3 லட்சம் கூட இல்ல, அப்புறம் ஏன் நாம பாதிக்கு மேல கட்டறோம்னு புரியவே இல்ல. எஃப்டிய உடைச்சுத்தான் கட்டினோம். வட்டி போனத நான் கணக்குலயே சேக்கல.

வீட்டுக்கு வந்து அவரு தூங்கினப்புறம் செட்டில்மென்ட் லெட்டரையும் பாலிசி புக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வரி வரியா பாத்தேன். மருந்து, டெஸ்ட்டு, ஸ்டென்ட் மாதிரி உடம்புக்குள்ள வைக்கற சாமான், இதுல எல்லாம் ரூம் வாடகைக் காரணத்தச் சொல்லி குறைக்கக் கூடாதுன்னு 2020லயே, இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கண்காணிக்கற அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ விதி போட்டிருக்கு. ஐசியு சார்ஜுக்கும் அந்தக் குறைப்பு கிடையாது. எந்த ரூம் எடுத்தாலும் ஒரே டாக்டர் ஃபீஸ்தான்னு இருக்கற ஆஸ்பத்திரிலயும் குறைக்கக் கூடாது. இத எழுதி, பில்லோட ப்ரேக்கப்ப வச்சு, கம்பெனியோட க்ரீவன்ஸ் ஆஃபீசருக்கு மெயில் போட்டேன், ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா போர்ட்டல்லயும் பதிவு பண்ணேன். மறு கணக்கு போட்டு 31,500 ரூபா திருப்பி வந்துச்சு. அதாவது மருந்து டெஸ்ட்டுல குறைச்ச 45,000த்துக்கு கோ-பேமென்ட் போக மிச்சம். கம்பெனி ஒரு மாசத்துல பதில் சொல்லலன்னாலோ, பதில் திருப்தியா இல்லன்னாலோ இன்சூரன்ஸ் புகார விசாரிச்சு தீர்க்கற ஓம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம், தமிழ்நாட்டுக்கு சென்னைல ஆஃபீஸ் இருக்கு, வக்கீல் வேண்டாம், ஃபீஸும் கிடையாது, ஆனா கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள்ள போகணும். எனக்கு அது வரைக்கும் போக வேண்டி வரல. எல்லாம் போக கடைசியா எங்க கைய விட்டுப் போனது 1,39,500. அதுல கோ-பேமென்ட் 64,500, ரூம் வாடகையால போனது 57,000, மீதி அந்த 18,000 சாமான்.

இந்தக் கணக்குதான் எனக்கு பாலிசி பாக்கக் கத்துக்குடுத்துச்சு. எல்லாரும் மொதல்ல எத்தன லட்சம் கவர்னு பாக்கறாங்க, அடுத்து பிரீமியம் எவ்வளவுன்னு பாக்கறாங்க. நான் இப்ப மொதல்ல பாக்கறது ரூம் வாடகை லிமிட், ரெண்டாவது கோ-பேமென்ட், மூணாவது வெயிட்டிங் பீரியட், கவர் தொகை அதுக்கப்புறம்தான். ரூம் லிமிட் இல்லாம, இல்லன்னா சிங்கிள் ஏசி ரூம்னு எழுதியிருக்கற பாலிசியா எடுங்க, ரூபாக் கணக்குல எழுதியிருந்தா வேண்டாம், ஆஸ்பத்திரி வாடகை வருஷா வருஷம் ஏறும், பாலிசில எழுதின 5,000 அப்படியேதான் இருக்கும். கோ-பேமென்ட் இல்லாம கிடைக்கலன்னா 10%, 20% இருக்கறத ஒத்துக்கலாம், 30%, 40% எல்லாம் வேற எதுவுமே கிடைக்காதவங்களுக்குத்தான். எங்க கேஸ்ல கோ-பேமென்ட் இல்லாத பாலிசிக்கு வருஷம் 20,000 போல அதிகம், ஒரே ஒரு நிமோனியால போன 64,500ங்கறது மூணு வருஷ வித்தியாசம்.

எந்தக் கம்பெனின்னு பாக்காம எடுக்கக்கூடிய ஒரு அளவுகோல் மாதிரி ஆரோக்கிய சஞ்சீவனின்னு ஒரு பாலிசி இருக்கு, 2020ல ஐஆர்டிஏஐ சொல்லி எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி கொண்டு வந்தது. கோ-பேமென்ட் 5% மட்டும். ஆனா ரூம் வாடகை கவர் தொகைல 2%, அதுவும் நாளைக்கு 5,000க்கு மேல போகாது, கண்புரை ஆபரேஷனுக்கு ஒரு கண்ணுக்கு அதிகபட்சம் 40,000. பொள்ளாச்சி, உடுமலை மாதிரி ஊர்ல 5,000க்குள்ள நல்ல ரூம் கிடைக்கும்னா இது ரொம்ப நல்ல பாலிசிதான், பெரிய சிட்டி ஆஸ்பத்திரிக்குப் போறவங்க யோசிக்கணும்.

அடுத்து டாப்-அப், சூப்பர் டாப்-அப். பேரு ஒரே மாதிரி இருக்கறதால ஏஜென்ட்டுங்களே குழப்பறாங்க. உங்க பாலிசி 5 லட்சம், அதுக்கு மேல 5 லட்சம் டிடக்டபிள்ல, அதாவது மொத 5 லட்சத்த தராம அதத் தாண்டினத மட்டும் தர்ற மாதிரி ஒண்ணு எடுக்கறீங்கன்னு வச்சுக்கோங்க. ஒரு வருஷத்துல 4 லட்சம் 4 லட்சமா ரெண்டு பில் வந்தா, டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியா பாக்கும், எதுவும் 5 லட்சம் தாண்டலைன்னு ஒரு பைசா தராது. சூப்பர் டாப்-அப் ரெண்டையும் கூட்டி 8 லட்சம்னு பாத்து 3 லட்சம் தரும். வயசானவங்களுக்கு ஒரே வருஷத்துல திரும்பத் திரும்ப அட்மிட் ஆகறதுதான் நடக்குது, அதனால சூப்பர் டாப்-அப் மட்டும்தான். 20 லட்சத்துக்கு நேரா பாலிசி எடுக்கறத விட 5 லட்சம் பாலிசியும் மேல சூப்பர் டாப்-அப்பும் எடுத்தா எங்களுக்கு ரொம்பவே கம்மியா வந்துச்சு. ஆஸ்பத்திரில இருக்கற நாளுக்கு இவ்வளவுன்னு தர்ற ஹாஸ்பிட்டல் கேஷ், பெரிய நோய் வந்தா மொத்தமா ஒரு தொகை தர்ற க்ரிட்டிக்கல் இல்னஸ் எல்லாம் கூடுதலா வச்சுக்கலாம், அத மட்டும் நம்பி இருக்க முடியாது.

அரசாங்க வழி உள்ளவங்க மொதல்ல அதப் பாருங்க, வெக்கப்பட இதுல எதுவும் இல்ல. எங்க அக்கா வீட்டுக்காரர் கவர்ன்மென்ட் ஸ்கூல் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, 2022 ஜூலைல ஆரம்பிச்ச ஸ்கீம்ல, பென்ஷன்ல மாசம் 497 ரூபா பிடிச்சு அவருக்கும் அக்காவுக்கும் 5 லட்சம் கவர் குடுத்தாங்க, மெடிக்கல் டெஸ்ட்டும் கிடையாது. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கற குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கிட்டு கலெக்டர் ஆஃபீஸ்ல இருக்கற மையத்துல பதியணும். ஈஎஸ்ஐ பிடிச்ச கம்பெனில அஞ்சு வருஷமாவது ஈஎஸ்ஐல இருந்து அப்படியே ரிட்டயர் ஆனவங்க வருஷம் 120 ரூபா கட்டினா தனக்கும் மனைவிக்கும் ஈஎஸ்ஐ வைத்தியம் தொடரும், இது தெரியாமயே எங்க தெருவுல ரெண்டு மில் குடும்பம் பல வருஷம் சும்மா இருந்திருக்காங்க. 70 வயசு ஆதார்படி முடிஞ்சவங்களுக்கு வருமானம் பாக்காம 5 லட்சம்னு 2024 அக்டோபர்ல மத்திய அரசு வய வந்தனா கார்டு கொண்டு வந்துச்சு, தனியார் பாலிசி இருந்தாலும் வாங்கலாம். எதுவா இருந்தாலும் உங்க ஆஸ்பத்திரி அந்த லிஸ்ட்ல இருக்கா, உங்க வியாதிக்கு இருக்காங்கறத உடம்பு நல்லா இருக்கறப்பவே போய்க் கேட்டுட்டு வந்துடுங்க.

முதல் வருஷம் முடியறதுக்குள்ள நான் அவரோட பாலிசிய வேற கம்பெனிக்கு மாத்தறதுக்கு, அதாவது போர்ட்டிங்குக்கு, போட்டேன். ரினீவல் தேதிக்கு 45 நாளைக்கு முன்னாடி விண்ணப்பம் போயிருக்கணும், 60 நாளைக்கு முன்னாடியும் போடக்கூடாது, நடுவுல இருக்கற ரெண்டு வாரம்தான் கணக்கு. நிமோனியா க்ளெய்மையும் சுகரையும் பாத்துட்டு ஒரு கம்பெனி மறுத்துடுச்சு, இன்னொண்ணு லோடிங் போட்டு, அதாவது நோய்க்காக பிரீமியத்த ஏத்தி, கோ-பேமென்ட் இல்லாம, சிங்கிள் ரூமோட குடுத்துச்சு. பழைய பாலிசில ஓடின ஒரு வருஷத்த சுகர் வெயிட்டிங்ல கழிச்சுட்டாங்க, ஆனா அது பழைய 5 லட்சத்துக்கு மட்டும்தான், தொகைய ஏத்தினா ஏத்தின பங்குக்கு வெயிட்டிங் புதுசா ஓடும். புது பாலிசி கைல வந்தா 30 நாளைக்குள்ள பிடிக்கலைன்னு திருப்பிக் குடுக்கலாம், அந்த 30 நாளும் படிக்கறதுக்குத்தான். மொத்த புக்கையும் படிக்க முடியலன்னா கூடவே ரெண்டு மூணு பக்கத்துல கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட்னு ஒண்ணு தருவாங்க, அத தமிழ்லயே கேட்டு வாங்கலாம், லிமிட் எல்லாம் அதுல இருக்கும். பழைய பாலிசிய புதுசு வர்ற வரைக்கும் விட்டுடாதீங்க, ஒரு நாள் இடைவெளி கூட வேண்டாம்.

பிரீமியத்துல இப்ப கொஞ்சம் மூச்சு விட முடியுது, 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 18% ஜிஎஸ்டி எடுத்துட்டாங்க. அதே வருஷம் ஜனவரில, 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு வருஷத்துக்கு 10%க்கு மேல ஏத்தணும்னா ஐஆர்டிஏஐகிட்ட முன்னாடியே கலந்து பேசணும்னு ஆர்டர் வந்துச்சு. பழைய டேக்ஸ் முறைல இருக்கறவங்க சீனியர் சிட்டிசனோட மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு வருமானத்துல 50,000 வரைக்கும் கழிச்சுக்கலாம், புது முறைல கிடையாது. அந்த தராத சாமான் 18,000 இருக்கே, அதுக்கு கன்ஸ்யூமபிள்ஸ் கவர்னு ஆட்-ஆன் இருக்கு, நான் சேத்துட்டேன். அதுக்கு மேல 2 லட்சம் ரூபாய தனி அக்கவுன்ட்ல வச்சிருக்கேன், ராத்திரி நேரத்துல அட்வான்ஸ் கட்டறதுக்கு எஃப்டிய உடைக்க முடியாது.

இன்னும் வேலைல இருக்கறவங்க, ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க. மூணு விஷயம் கேளுங்க. ரிட்டயர் ஆனவங்களுக்கு காசு கட்டி குரூப்லயே தொடர வசதி இருக்கா, நானும் என் மனைவியும் எந்தத் தேதில இருந்து இடைவெளி இல்லாம கவர்ல இருக்கோம்ங்கறதுக்கு சர்டிஃபிகேட் வேணும், இதுவரைக்கும் போட்ட க்ளெய்ம் விவரம் வேணும். கூடவே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு காப்பி போடுங்க, மைக்ரேஷனுக்கு உங்ககிட்ட என்னென்ன பாலிசி இருக்குன்னு கேட்டு. முடிஞ்சா மூணு வருஷம் முன்னாடியே கம்பெனி கவர் இருக்கறப்பவே சொந்தமா ஒரு பாலிசி எடுத்துட்டா இன்னும் நல்லது, ரிட்டயர் ஆகறப்ப வெயிட்டிங் எல்லாம் முடிஞ்சிருக்கும். வீட்டுக்காரரோட வேலை பாத்தவங்க ரெண்டு பேரு அடுத்து ரிட்டயர் ஆகறாங்க, அவங்களுக்கு இந்த மெயில நானே டைப் பண்ணிக் குடுத்தேன், சர்டிஃபிகேட் ரெண்டு பேருக்கும் வந்துடுச்சு.